40 நானோமீட்டரில் முனைவு செத்துப்போகாது, தங்கச்சி

ஹட்டனில் இருந்து கண்டிக்கு வந்து படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். கடைசி வருட ப்ரொஜெக்ட்டுக்கு பேரியம் டைட்டனேட் படலம் செய்தாராம். ஐந்து பூச்சு பூசிய 200 நானோமீட்டர் படலத்தில் 5 வோல்ட்டுக்கு ஹிஸ்டரிசிஸ் வளையம் (வோல்ட்டை ஏற்றி இறக்கும்போது முனைவு, அதாவது பொருளுக்குள் நேர், எதிர் மின்னேற்றங்கள் விலகி நிற்கும் அளவு, எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடம்) ஓரளவு ஒழுங்காக வந்தது, ஒரே பூச்சில் செய்த 40 நானோமீட்டரில் அதே 5 வோல்ட்டுக்கு வளையம் ஊதி உருண்டுவிட்டது. மெல்லிசானால் ஃபெரோஎலக்ட்ரிக் குணம் (வோல்ட்டை எடுத்த பிறகும் முனைவு நிற்பதும், எதிர்வோல்ட்டுக்கு அது திரும்புவதும்) போய்விடுமா?

போகும், ஆனால் 40இல் இல்லை. படலத்தின் இரு முகத்திலும் முனைவால் மின்னேற்றம் தேங்கும், அதை மின்வாயில் உள்ள இலத்திரன்கள் ஈடுகட்ட வேண்டும். அவை முகத்தோடு ஒட்டி நிற்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்பதால் ஈடு முழுதாக நடப்பதில்லை. மிஞ்சுவது முனைவுக்கு எதிரான ஒரு மின்புலமாகப் படலத்துக்குள் நிற்கிறது, படலம் மெலிய மெலிய அது பலக்கும். ஸ்ட்ரோன்சியம் ருத்தனேட் மின்வாய்களுக்கு நடுவில் பேரியம் டைட்டனேட்டை வைத்து 2003இல் போட்ட கணக்கில் எல்லை சுமார் 2.4 நானோமீட்டர், அதாவது ஆறு அலகுக் கூடுதான் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டம்தான் அலகுக் கூடு). நீங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. ஹாஃப்னியம் ஒக்சைட்டின் கதை இன்னும் தலைகீழ்: 2011இல் அதன் 10 நானோமீட்டர்ப் படலத்தில் இந்தக் குணம் இருப்பதாக எழுதினார்கள், 2020இல் சேர்க்கோனியம் கலந்து 1 நானோமீட்டரிலும் காட்டிவிட்டார்கள்.

சரி, உங்கள் வளையத்துக்கு என்ன ஆனது? கணக்கைப் பாருங்கள். 200இல் 5 வோல்ட் என்றால் சென்டிமீட்டருக்கு 2.5 லட்சம் வோல்ட், 40இல் 12.5 லட்சம். அவ்வளவு புலத்தில் ஒழுகத்தான் செய்யும். ஊதிய வளையம் பெரும்பாலும் கசிவு மின்னோட்டம்தான். இந்தத் துறை ஆய்வாளர் ஜே. எஃப். ஸ்காட் 2008இல் வாழைப்பழத் தோலில் மின்வாய் வைத்தே இப்படி ஒரு வளையம் எடுத்துக் காட்டினார், தோலுக்கு ஏது முனைவு!

அதனால் முதலில் வோல்ட்டைக் குறையுங்கள், 1இல் தொடங்குங்கள். மெல்லிய படலத்தைத் திருப்ப வேண்டிய புலம் கூடும் என்பது உண்மைதான், என்றாலும் படிப்படியாக ஏறுங்கள். அப்புறம் எதிர்த்திசையில் ஒரு துடிப்புக் கொடுத்துவிட்டு, நேர்த்திசையில் அடுத்தடுத்து இரண்டு கொடுங்கள். முதலாவதில் முனைவு திரும்பும் மின்னோட்டமும் கசிவும் சேர்ந்து வரும், இரண்டாவதில் திரும்ப ஒன்றும் மிச்சமில்லை. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவதுதான் முனைவின் பங்கு.

நம்ம ஊர்ப் பனியையும் மறக்காதீர்கள். நான் ஒருமுறை மாதிரியை ஜன்னலோரம் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து வருவதற்குள் ஈரம் படிந்து, கசிவு எக்கச்சக்கமாக ஏறிப்போனது. ஹொட்பிளேட்டில் கொஞ்சநேரம் காயவைத்து, ஆறவிட்டு அளவெடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கழித்தால் ஒன்றும் மிஞ்சவில்லை என்றால் மணிகளை, அதாவது படலத்தை ஆக்கும் நுண்படிகங்களை, சந்தேகியுங்கள். ஒற்றைப் பூச்சில் மணிகள் மிகச் சிறிதாக நின்றிருக்கலாம், பேரியம் டைட்டனேட்டில் மணி சிறுத்தாலும் முனைவு மங்கும்.