சின் 2க்கு லேசரா, ஒளி சிகிச்சையா? மருத்துவர் பதில்

கேள்வி: வயசு 28, கல்யாணம் ஆகி ஒரு வருஷம், குழந்தை இல்ல. ஹெச்பிவி பாசிட்டிவ், பயாப்ஸில சின் 2ன்னு வந்திருக்கு. டாக்டர் லேசர் பண்ணலாம்ங்கறாங்க. ஒளி சிகிச்சைன்னும் ஒண்ணு இருக்காமே, எது நல்லது? வீட்டுக்காரர் என்னை தப்பா நினைச்சுடுவாரோன்னு பயமா இருக்கு டாக்டர்.

பதில்: இது கேன்சர் இல்லம்மா. ஹெச்பிவிங்கறது உடலுறவால பரவற ஒரு வைரஸ், சின் 2ங்கறது அதனால கர்ப்பப்பை வாய் செல்லுல கேன்சருக்கு முன்னாடி வர்ற நடுத்தர அளவு மாற்றம். சின் 2 வந்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு 2 வருஷத்துல தானாவே சரியாயிடுது, 30 வயசுக்குள்ளன்னா இன்னும் கொஞ்சம் அதிகமாவே. அதனால பதறி நாளைக்கே டேட் வாங்க வேணாம்.

லேசர்னா பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு லேசர்தான். செல்லுக்குள்ள இருக்கற தண்ணி அந்த கதிரை இழுத்துக்கிட்டு கொதிச்சு ஆவியாயிடும். நல்ல செல்லு கெட்ட செல்லுன்னு அது பார்க்காது, டாக்டர் காட்டுற இடத்துல சுமார் 7 மில்லிமீட்டர் ஆழம் எரிப்பாங்க, ஏன்னா சுரப்பி குழிக்குள்ளயும் மாறின செல்லு இறங்கியிருக்கும். பெரும்பாலும் ஒரே சிட்டிங்ல முடிஞ்சுடும், அப்புறம் சில வாரம் தண்ணியா வெள்ளைப்படும்.

ஒளி சிகிச்சையில 5 அமினோலெவுலினிக் ஆசிட்னு ஒரு மருந்தை கர்ப்பப்பை வாயில வெச்சு சில மணி நேரம் விடுவாங்க, மாறின செல்லு அதை போர்ஃபிரின்ங்கற, ஒளியை உறிஞ்சற பொருளா மாத்தி சேர்த்து வெச்சுக்கும், அப்புறம் 635 நானோமீட்டர் சிவப்பு லைட் அடிச்சா அந்த செல்லு சாகும், சுத்தி இருக்கற திசு பெரும்பாலும் தப்பிச்சுக்கும். குழந்தை பெத்துக்கணும்ங்கறவங்களுக்கு இது பெரிய ஆறுதல்தான், சீனாவுல நிறைய பண்றாங்க. ஆனா பல சிட்டிங் போகணும், எரிச்சல் இருக்கும், ஆழமா இறங்காது, லேசர் அளவுக்கு வருஷக்கணக்கான அனுபவமும் இதுல இல்ல, நம்ம ஊர்ல தேடித்தான் போகணும்.

என்னைக் கேட்டா மெஷினை விட முக்கியம் இதுதான்: ரெண்டுலயுமே லேபுக்கு அனுப்ப சதை மிஞ்சாது. உள்ளே ஒளிஞ்சிருக்கற கேன்சரை தெரியாம எரிச்சுட்டா அப்புறம் கண்டுபிடிக்கவே முடியாது. கர்ப்பப்பை வாயை லென்ஸ் வழியா பெருசாக்கிப் பார்க்கற கால்போஸ்கோபில வினிகர்ல இருக்கற அதே ஆசிட்டை தடவி ஒரு நிமிஷம் விட்டா மாறின இடம் வெள்ளையா தெரியும், அந்த வெள்ளையோட ஓரம் முழுசா தெரியுதா, இல்ல கர்ப்பப்பை வாய்க்குள்ள ஏறிப்போய் மறையுதான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. மறையுதுன்னா ரெண்டும் வேணாம், லீப்ல, அதாவது கரண்ட் பாயற மெல்லிய கம்பி வளையத்தால வெட்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பறதுதான் சரி. முழுசா தெரியுதுன்னா, 6 மாசத்துக்கு ஒரு கால்போஸ்கோபியோட காத்திருக்கலாமான்னும் தைரியமா கேளுங்க, குழந்தை பிளான் இருக்குன்னும் சொல்லிடுங்க. எதைப் பண்ணிக்கிட்டாலும் 6 மாசம் கழிச்சு ஹெச்பிவி டெஸ்ட்டை விட்டுடாதீங்க, செல்லை அழிச்சாலும் வைரஸை முழுசா வெளியேத்த வேண்டியது உங்க உடம்புதான்.

வீட்டுக்காரர் விஷயம். இந்த வைரஸ் வருஷக்கணக்கா சத்தமில்லாம உடம்புல கிடக்கும், யார்கிட்ட இருந்து எப்ப வந்ததுன்னு எந்த டெஸ்ட்டாலயும் சொல்ல முடியாது, அது யாரோட நடத்தைக்கும் சாட்சி இல்லம்மா. அடுத்த விசிட்டுக்கு அவரையும் கூட்டிட்டுப் போங்க, டாக்டர் வாயாலயே இதை அவர் கேக்கட்டும்.