பத்திரிகைத் தளத்துக்குச் சந்தா கட்டும் முன் எதைச் சோதிப்பது?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு வாசகர் வட்டம் நடத்திவருகிறோம். வழக்கமாக வார இதழ்கள் வாங்கும் கடையில் இப்போது இதழ்கள் ஒழுங்காக வருவதில்லை. ஆகவே ஒன்றிரண்டு இதழ்களின் இணையதளங்களுக்கு ஆண்டுச் சந்தா கட்டலாம் என்று நினைக்கிறோம். பெரும்பாலோர் கைபேசியில்தான் படிக்கிறோம்; இருவருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. பணம் கட்டும் முன் ஒரு தளம் தரமானதா, பயன்படுத்த எளிதானதா என்று நாங்களே சோதித்துப் பார்க்க வழி உண்டா?

பதில்: வழி உண்டு, அதற்குக் கணினி அறிவு பெரிதாகத் தேவையில்லை. ஆனால் சோதனையை எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒரு தளத்தின் முகப்புப் பக்கம் ஜவுளிக்கடை வாசலில் பொம்மைக்குக் கட்டிவிட்ட சேலையைப் போன்றது; கவனமெல்லாம் அதற்கே போயிருக்கும். நீங்கள் சந்தா கட்டுவதோ கட்டுரைகளைப் படிப்பதற்காக. எனவே அச்சில் நான்கைந்து பக்கம் வரக்கூடிய நீண்ட கட்டுரை ஒன்றை, இலவசமாகத் திறந்திருப்பதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, உங்கள் எட்டுப் பேரிடமும் உள்ளவற்றில் மிகப் பழைய கைபேசியில், வீட்டு வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவில் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துப் பாருங்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, திரையில் தெரிவது எழுத்தா, எழுத்தின் படமா என்பது. சில தளங்கள் அச்சுப் பக்கத்தை அப்படியே படமாக்கி, பக்கம் புரட்டுவதுபோல் காட்டுகின்றன. பழகிய அட்டையும் ஓவியங்களும் பழைய அமைப்பிலேயே கிடைப்பதால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மூன்று பத்திகளாக அச்சான பக்கத்தைக் கைபேசியில் பெரிதாக்கி, ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாக இழுத்துப் படிக்க நேரும்போதுதான் சிரமம் புரியும். ஒரு சொல்லின்மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சொல் தேர்வாகி நிறம் மாறினால் அது எழுத்து. மாறாவிட்டால் படமாக இருக்கலாம், அல்லது நகலெடுப்பதைத் தளம் தடுத்திருக்கலாம். அந்த ஐயத்தைத் தீர்க்க, குரோம் உலாவியின் அமைப்புகளில் எழுத்தளவை 200 சதவீதமாக்குங்கள். எழுத்து பெரிதாகி, வரிகள் திரையின் அகலத்துக்குள் தாமாகவே மடங்கி அமைந்தால் அது எழுத்துதான், நல்ல தளமும்கூட. எழுத்து மட்டும் பெரிதாகி வரிகள் திரைக்கு வெளியே ஓடினாலோ, ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலோ, அதை உங்கள் நண்பர்கள் இருவரால் படிக்கவே முடியாது. மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்த ஏதுவாக வகுத்த டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற உலக அணுகல் நெறிமுறை கேட்பதும் இதே 200 சதவீதத்தைத்தான். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற அளவில் ஒளிர்வு வேறுபாடு இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்தை நாகரிகமாகக் கருதும் வடிவமைப்பாளர்கள் இருக்கிறார்கள்; அப்படிப்பட்ட பக்கத்தைத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலை பத்து மணி வெயிலில் திறந்தால் எதுவும் தெரியாது. அளவுகோலை நினைவில் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் இந்த வெயில் சோதனையே போதும்.

தமிழுக்கென்று ஒன்றையும் கவனிக்க வேண்டும். ணூ, ஞூ போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; மேல்வரியின் உகரக் கீழ்விலங்குகள் கீழ்வரியின் புள்ளிகளைத் தொடும். ஆங்கிலத்துக்கு அமைத்த வரி இடைவெளியைத் தமிழுக்கும் அப்படியே வைத்துவிட்ட தளங்களில் பத்து நிமிடம் படித்தாலே கண் வலிக்கும்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் கருவியில் கட்டுரையின் முகவரியை, முகப்பின் முகவரியை அல்ல, இட்டுப் பாருங்கள். முக்கிய உள்ளடக்கம் 2.5 வினாடிக்குள் தெரிவதும், தொட்டால் 200 மில்லி வினாடிக்குள் பக்கம் அசைவதும் நல்ல அளவுகள். படித்துக்கொண்டிருக்கும் வரி திடீரென விளம்பரம் புகுந்து கீழே தள்ளப்படுவதையும் அந்தக் கருவி அளக்கிறது. அந்த எண் 0.1க்குள் இருக்க வேண்டும். மூன்றில் எனக்கு இதுவே முக்கியம், ஏனென்றால் மெதுவான பக்கத்துக்காகக் காத்திருக்கலாம். குதிக்கும் பக்கத்தில் ஒன்றைத் தொடப்போய் விளம்பரத்தைத் தொட்டுவிடுவோம். பணம் கட்டிய பிறகும் விளம்பரம் வருமா என்று சந்தா விவரத்தில் தேடிப் பாருங்கள். பல தளங்கள் இதைத் தெளிவாகச் சொல்வதில்லை.

இனி நான் மிகவும் வலியுறுத்தும் பகுதிக்கு வருகிறேன். ஆண்டுச் சந்தாவின் பெரும் பயன் பழைய இதழ்களைத் தேடிப் படிப்பது. தமிழ்த் தளங்கள் பெரும்பாலும் சறுக்குவதும் அங்கேதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடாகிய யூனிகோடு பரவும் முன் ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியீடுகளை ஏற்றது. டிஸ்கி என்ற இன்னொரு குறியீடு தனியே புழங்கியது. அந்தக் காலத்துக் கட்டுரைகளை முறையாக யூனிகோடுக்கு மாற்றாத தளங்களில் பழைய பக்கங்கள் இன்றும் புரியாத குறிகளாகவே திறக்கும். பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கட்டுரை ஒன்றைத் திறந்து இதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அடுத்து, தளத்தின் தேடல் பெட்டியில் ‘தானே புயல்’ என்று தட்டுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த அந்தப் புயலைப் பற்றி அப்போது வெளிவந்துகொண்டிருந்த எந்த வார இதழும் எழுதாமல் இருந்திருக்காது. 2012 ஜனவரிக் கட்டுரைகள் மேலே வர வேண்டும். ‘அவன்தானே’, ‘அதுதானே’ என்று வரும் கதைகளெல்லாம் வந்து குவிந்தால், அந்தத் தேடல் சொற்களைத் தனித்தனியே பொருத்துகிறதே தவிர சேர்த்துப் பார்க்கவில்லை என்று பொருள். பிறகு ‘பௌர்ணமி’ என்ற சொல்லை இரண்டு விதமாகத் தட்டுங்கள்: ஔகாரக் குறியை இட்டு ஒரு முறை, ஒற்றைக்கொம்பு வைத்த பகரத்துக்குப் பின் ளகரத்தைத் தட்டி இன்னொரு முறை. கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. கணினிக்கு வெவ்வேறு சொற்கள். இரண்டுக்கும் ஒரே பட்டியல் வந்தால் அந்தத் தளத்தில் தமிழ் தெரிந்த பொறியாளர் ஒருவர் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார் என்று நம்பலாம். அரை நூற்றாண்டுக்கு முந்தைய இதழ்கள்தாம் வேண்டுமென்றால் சந்தாவுக்கு முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைப் பாருங்கள். பழைய இதழ்கள் பல அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன.

உள்ளடக்கத்தின் தரத்தை அளக்க மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். எழுதியவர் பெயரும் வெளியான தேதியும் கட்டுரையின் மேலேயே இருக்கின்றனவா? மருத்துவக் குறிப்பு என்றால் சொன்ன மருத்துவர் யார், எந்தத் துறை என்று இருக்கிறதா? விளம்பரக் கட்டுரைமீது விளம்பரம் என்று படிக்கக்கூடிய அளவில் எழுதியிருக்கிறார்களா? செய்தியைப்போல் வேடமிட்ட விளம்பரத்தை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவித்த வழிகாட்டுதல்களில், டார்க் பேட்டர்ன் எனப்படும் 13 ஏமாற்று வடிவமைப்புகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள்.

அதே பட்டியலில் சந்தாப் பொறியும் இருக்கிறது: சேர ஒரே தொடுகை, விலகவோ வழியே தெரியாது. ஆகவே சேரும் பொத்தானைத் தொடும் முன் விலகும் வழியைத் தேடுங்கள். உதவிப் பக்கத்தில் ரத்து செய்யும் முறை எழுதப்படவில்லை என்றால் ஆண்டுச் சந்தா வேண்டாம். மாதச் சந்தா இருந்தால் அதில் தொடங்குங்கள். தானாகப் புதுப்பிக்கும் பெட்டியில் முன்கூட்டியே குறியிட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கவனிக்காமல் ஒப்புக்கொண்டுவிட்டாலும், தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, யு.பி.ஐ. செயலியின் ஆட்டோபே பகுதிக்குச் சென்று நீங்களே அதை நிறுத்தவும் முடியும்.

சோதனையை ஒருவரே செய்ய வேண்டாம். எட்டுப் பேரில் ஐவர், கண் சிகிச்சை செய்துகொண்ட இருவரையும் சேர்த்து, ஒரே வேலையை ஆளுக்கொரு கைபேசியில் செய்யட்டும்: கட்டுரையைக் கண்டுபிடித்தல், எழுத்தைப் பெரிதாக்கல், பழைய இதழைத் தேடல். பயன்பாட்டு ஆய்வில் அத்துறை முன்னோடி ஜேக்கப் நீல்சன் காலத்திலிருந்து சொல்லப்படுவது, ஐந்து பேரைக் கொண்டே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்பதுதான். ஒருவர் தடுமாறும்போது பக்கத்தில் இருப்பவர் கைநீட்டிக் காட்டிவிடக் கூடாது. எங்கே தடுமாறினார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஐவரில் மூவர் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் குறை அவர்களிடம் இல்லை, தளத்திடம்.

ஒரே சந்தாவை எட்டுப் பேரும் பகிர்ந்துகொள்ளும் எண்ணம் இருந்தால், எத்தனை கைபேசிகளில் ஒரு கணக்கை அனுமதிப்பார்கள் என்பதை விதிமுறைப் பக்கத்தில் முதலில் படியுங்கள். ஒருவருக்குரிய கணக்கைக் குழுவுக்குப் பயன்படுத்தினால் பாதி ஆண்டில் முடக்கிவிடவும் கூடும். வாசகர் வட்டத்துக்கெனத் தனிக் கட்டணம் உண்டா என்று அவர்கள் தந்திருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதிக் கேளுங்கள். ஒரு வாரத்துக்குள் ஆள் எழுதிய பதில் வராவிட்டால், பணம் கட்டிய பிறகு சிக்கல் வரும்போதும் அங்கிருந்து பதில் எதிர்பார்க்க இடமில்லை. அடுத்த இதழுக்குப் போய்விடலாம்.