சீசனும் பள்ளி விடுமுறையும்: நீலகிரிப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கோத்தகிரிப் பக்கத்துப் பள்ளிகளில் பல ஆண்டுகள் தொடக்க வகுப்பு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சுற்றுலாப் பயணிகள் மலையில் குவியும் சீசனான கோடை விடுமுறையில் பிள்ளைகளை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டு வந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

குன்னூர் மார்க்கெட்டில் வர்க்கி பிஸ்கட்டும் தேயிலைத் தூளும் விற்கும் கடை நடத்துகிறோம். ஊருக்கெல்லாம் விடுமுறை வரும் ஏப்ரல், மே மாதங்களில்தான் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. 8 வயது மகளும் 11 வயது மகனும் நாள் முழுக்க டிவி முன்னால் இருக்கிறார்கள். என்ன செய்யலாம், டீச்சர்?

சமவெளியில் பெற்றோர் விடுப்பு எடுத்துப் பிள்ளைகளோடு இருக்கும் நாட்களில்தான் நம் மலையில் கடைக்காரரும் ஓட்டுநரும் விடுதிப் பணியாளரும் இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறார்கள். ஆகவே, பெற்றோர் கூடவே உட்கார்ந்து சொல்லித்தர வேண்டிய திட்டம் எதுவும் உங்கள் வீட்டில் மூன்றாம் நாளைத் தாண்டாது. பிள்ளை தானாகவே எண்ணி, அளந்து, எழுதி வைக்கக்கூடிய வேலை ஒன்றைக் கொடுங்கள். இரவில் நீங்கள் அதை ஐந்து நிமிடம் கேட்டால் போதும்.

மகனை மாலையில் ஒரு மணி நேரம் கடை வாசலில் உட்காரவைத்து, கடந்து போகும் வண்டிகளின் பதிவெண்ணில் முதல் நான்கு குறியீடுகளை மட்டும் எழுதச் சொல்லுங்கள். டி.என். 43 நம் மாவட்டம் என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும். கே.ஏ. 09 மைசூரு, கே.எல். 10 மலப்புரம், கே.எல். 12 வயநாடு என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துச் சுவரில் ஒட்டிய தென்னிந்திய வரைபடத்தில் அவன் புள்ளி வைக்கட்டும். ஒரு வாரத்தில் எந்த ஊர்க்காரர் எந்தக் கிழமையில் அதிகம் வருகிறார் என்று உங்களுக்கே அவன் சொல்லத் தொடங்குவான். அது கடைக்கும் உதவும். மகளிடம் தினமும் மிஞ்சும் வர்க்கிப் பாக்கெட்டுகளின் கணக்கை ஒப்படையுங்கள். பத்து நாள் கணக்கு சேர்ந்தபின், நாளை எத்தனை மிஞ்சும் என்று முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கவனம்: ஆள் குறைவாக இருக்கிறது என்று பிள்ளைகளை வியாபாரத்தில் நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்த வகுப்புப் புத்தகங்களை இப்போதே வாங்கி நடத்திவிடலாமா? (உதகை)

வேண்டாம். ஜூன் மாதத்தில் வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு எல்லாம் பழையதாகத் தெரியும். கவனம் ஜன்னலுக்கு வெளியே போய்விடும். கடந்த ஆண்டில் தடுமாறிய ஒரே ஒரு பகுதியை, வகுத்தலோ சந்திப் பிழையோ, நாளுக்கு இருபது நிமிடம் பார்த்தால் போதுமானது.

மகள் ஏழாம் வகுப்பு போகிறாள். அறிவியல் பிடிக்கும். செலவில்லாமல் வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஏதேனும் உண்டா? என் தங்கை மேட்டுப்பாளையத்தில் இருக்கிறாள், அவள் மகளுக்கும் இதே வயது. (கோத்தகிரி)

உங்களுக்கு அமைந்திருப்பதைப் போன்ற வாய்ப்பு சமவெளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்காது, அம்மா. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை இறங்குகிறது. மேட்டுப்பாளையத்தில் 99 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் தண்ணீர், கோத்தகிரியில் சுமார் 94 டிகிரியிலும் உதகையில் சுமார் 93 டிகிரியிலும் கொதித்துவிடும். கொதிப்பது சீக்கிரம்; ஆனால் வேகுவது தாமதம். குக்கர் இல்லாத காலத்தில் நம் பாட்டிமார் பருப்பு வேகவில்லை என்று அடுப்போடு சண்டை போட்டதற்குக் காரணம் இதுதான்.

அக்கா தங்கை பிள்ளைகள் இருவரும் ஒரே பாக்கெட் துவரம் பருப்பைப் பங்கிட்டுக்கொண்டு, ஊறவைக்காமல், ஒரே அளவு தண்ணீரில், குக்கர் அல்லாத மூடிய பாத்திரத்தில் வேகவைக்க வேண்டும். கொதி வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கரண்டியில் நான்கு பருப்பை எடுத்து ஆறவிட்டு, விரலால் நசுக்கிப் பார்க்கட்டும். நடுவில் வெள்ளையாகக் கடினப் பொட்டு இருக்கும்வரை அது வேகவில்லை. என் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு சிறுமி எழுந்து, "அங்கே தண்ணீரே வேறாக இருந்தால், டீச்சர்?" என்று கேட்டாள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகத் தாமதமாகும் என்பதால் அது மிகச் சரியான கேள்வி. அன்றிலிருந்து, இரண்டு வீட்டிலும் ஒரே இடத்துத் தண்ணீரையே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்துவிட்டேன். வெப்பத்தை அளக்கக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விட்டுவிடாதீர்கள், உடைந்துவிடும். ஆய்வகத் தெர்மாமீட்டர்தான் வேண்டும். அடுப்படியில் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

10 வயது மகனுக்கு மலை ரயில் பைத்தியம். சீசனில் டிக்கெட் கிடைப்பதில்லை. (வெலிங்டன்)

ஏறிப் போவதைவிட நின்று பார்ப்பதில்தான் அதிகம் கற்கலாம் என்பது என் எண்ணம். குன்னூர் நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். கல்லாறிலிருந்து குன்னூர்வரை தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை உண்டு. எஞ்சினின் பற்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டுதான் ஏறுகிறது. குன்னூருக்கு மேலே அந்தப் பட்டை இல்லை. ஏற்றத்தில் எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளுவது ஏன் என்று அவனையே யோசிக்க விடுங்கள். இணைப்பு அறுந்தால் பெட்டிகள் எந்தப் பக்கம் ஓடும் என்று கேட்டாலே விடை வந்துவிடும். வீட்டுக்கு வந்ததும் 125 சென்டிமீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை 10 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தால், அந்தப் பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றத்துக்கு நெருக்கமான 12.5க்கு 1 கிடைக்கும். பொம்மைக் கார் அதில் நிற்கிறதா என்று பார்க்கட்டும். 1899இல் குன்னூரை எட்டிய ரயில் உதகையை அடைய 1908 ஆயிற்று என்பதையும் சொல்லிவையுங்கள்.

கூடலூர் பக்கம் டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வசிக்கிறோம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத நான் பேத்திக்கு என்ன சொல்லித்தர முடியும்? நான் சின்னப் பிள்ளையாகக் கண்டியிலிருந்து வந்தவள்.

அம்மா, உங்களிடம் இருப்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. 1964ஆம் ஆண்டு இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு இந்தத் தோட்டங்களை 1968இல் தொடங்கியது. நீங்கள் எந்தக் கப்பலில் அல்லது ரயிலில் வந்தீர்கள், பெட்டியில் என்ன கொண்டுவந்தீர்கள், முதல் இரவு எங்கே படுத்தீர்கள் என்று நாளுக்கு ஒரு கேள்வியைப் பேத்தி கேட்டு, நீங்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதட்டும். உங்கள் பேச்சில் வரும் இலங்கை மலையகச் சொற்களை அவள் திருத்த வேண்டாம். கணக்குக்கு வேறெங்கும் போக வேண்டாம்: நான்கு முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கிறது, அவள் அம்மா ஒரு நாளில் பறித்த எடை எத்தனை கிலோ தூளாகும், அதில் எத்தனை டம்ளர் டீ போடலாம் என்று அவளே கணக்கிடட்டும். யானை நடமாட்டமுள்ள பகுதி ஆகையால், மாலை ஐந்துக்கு மேல் அவளைத் தேயிலைக் காட்டுக்குள் அனுப்பாதீர்கள்.

கோடை மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் கைப்பேசியை விடுவதில்லை. (கேத்தி)

அந்த மழையையே அளக்கக் கொடுங்கள். அடி தட்டையாகவும் சுவர் நேராகவும் உள்ள கண்ணாடி ஜாடியை, கூரைத் தண்ணீரும் மரத்துச் சொட்டும் விழாத திறந்த இடத்தில் வைத்து, தினமும் காலை எட்டரைக்கு உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். வாய் அகன்று அடி குறுகிய டம்ளரில் கணக்குத் தப்பும். ஏன் தப்புகிறது என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு நாள் வேலை. 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். உங்கள் வீட்டுக் கூரையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்துகொண்டால், நேற்றைய மழையில் எத்தனை குடம் வீணாக ஓடிற்று என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம்; ஜாடியையும் நோட்டையும் தினமும் ஒரு படம் எடுக்க மட்டும் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.