பிரிட்டிஷ் இளவரசர் ஹாரி மாதிரி, சொந்தக் குடும்பத்தைப் பற்றியே எல்லாவற்றையும் போட்டு உடைத்துப் புத்தகம் எழுதுவது துரோகம் இல்லையா?

துரோகம் இல்லை என்பதுதான் என் பதில். இந்தக் கேள்வியைக் கேட்கிற பலருடைய வீட்டில் ஒரு சித்தப்பாவோ அத்தையோ ஏற்கெனவே நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார் என்பது என் அனுபவம். தன் பெயர் எந்தப் பக்கத்தில் வருமோ என்ற பயத்தில்தான் கேட்பார்கள். உங்கள் நிலைமையும் அதுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, அவர்கள் பெயரிலேயே வாழ்க்கைக் கதை எழுதிக் கொடுப்பது என் தொழில். அட்டையில் என் பெயர் இருக்காது. அதனால் 2023 ஜனவரியில் ஹாரியின் புத்தகமான ‘ஸ்பேர்’ வெளிவந்தபோது, “அவரா எழுதினார், யாரோ எழுதிக் கொடுத்தது” என்று ஆளாளுக்குப் பேசியது எனக்குச் சுருக்கென்று தைத்தது. எழுதிக் கொடுத்தவர் ஜே. ஆர். மோரிங்கர், புலிட்சர் பரிசு வாங்கிய பத்திரிகையாளர். டென்னிஸ் வீரர் அகாசியின் சுயசரிதைக்கும் அவர்தான் கைகொடுத்தார். எட்டாம் எட்வர்ட் 1951-இல் வெளியிட்ட நினைவுகளுக்குப் பின்னாலும் சார்லஸ் மர்ஃபி என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இருந்தார். முடி துறந்த ராஜாவின் கதையை மர்ஃபியின் கதை என்று யாராவது சொல்கிறார்களா?

அந்தக் குடும்பத்தில் ஹாரிதான் முதலில் வாய் திறந்தார் என்பதும் சரியில்லை. அவர் அம்மா டயானா ரகசியமாக டேப்பில் பேசிக் கொடுத்ததை வைத்து 1992-இல் ஒரு புத்தகம் வந்தது. அப்பா சார்லஸின் ஒத்துழைப்போடு 1994-இல் வந்த வாழ்க்கை வரலாறு, அவருடைய அப்பா கடுமையானவர், அம்மா ஒட்டாதவர் என்றது. அதன் பிறகும் சார்லஸ் பட்டத்து இளவரசராகவே இருந்தார், பிறகு ராஜாவும் ஆனார். இன்னொரு பக்கம் மரியன் கிராஃபோர்டைப் பாருங்கள். பிற்பாடு ராணியான எலிசபெத்துக்கும் தங்கை மார்கரெட்டுக்கும் ஏறத்தாழ 16 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவர். 1950-இல் அவர் எழுதியதில் பெரும்பாலும் பாசமான சங்கதிகள்தான். அனுமதி இல்லாமல் எழுதினார் என்று அடியோடு ஒதுக்கினார்கள். குடியிருக்கக் கொடுத்திருந்த நாட்டிங்ஹாம் காட்டேஜையும் காலி செய்ய வேண்டியதாயிற்று. 1988-இல் அவர் இறந்தபோது அரண்மனையிலிருந்து ஒரு மலர்வளையம்கூட வரவில்லை. பிற்பாடு அதே நாட்டிங்ஹாம் காட்டேஜில்தான் ஹாரி குடியிருந்தார். 2019-இல் அண்ணன் வில்லியம் சட்டையைப் பிடித்துத் தள்ளியதில் நாயின் சாப்பாட்டுக் கிண்ணத்தின் மேல் விழுந்தேன் என்று அவர் எழுதுவதும் அந்த வீட்டில் நடந்ததைத்தான்.

ஆக, என்ன சொன்னார்கள் என்பதற்காக மட்டும் கோபம் வருவதில்லை. யார் சொன்னது என்பதைப் பார்த்தும் வருகிறது. மூத்தவர் பேசினால் வரலாறு, இளையவர் பேசினால் துரோகம்.

இதை நான் ஆங்கிலப் பேப்பர் படித்துவிட்டுச் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மாவுக்கு எழுதிக் கொடுத்தேன். பழைய திருநெல்வேலி ஜில்லாவில் ஒரு ஜமீன். வாரிசுகள் இருப்பதால் பெயர் வேண்டாம். இவர் ஜமீன்தாருடைய தம்பியின் மகள், எண்பதைத் தாண்டியவர், மதுரையில் மகன் வீட்டில் இருந்தார். சென்னை மாகாணத்துப் பெரிய ஜமீன்கள் பலவும் பங்கு பிரிக்க முடியாத சொத்து. 1904-இல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். பட்டமும் அரண்மனையும் நிலமும் மூத்தவருக்கு. தம்பிகளுக்கு ஜீவனாம்சம். ஹாரி ஒரு புத்தகம் முழுக்கச் சொன்ன வலியை, இந்த அம்மா பாக்கு வெட்டிக்கொண்டே எனக்குச் சொன்னார்.

அரண்மனையிலிருந்து மாதாமாதம் இவர்கள் வீட்டுக்குப் படி வரும். நெல், பருப்பு, எண்ணெய், கூடவே கொஞ்சம் பணம். கணக்குப்பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து அளந்து போட்டு, அப்பாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். ஒரு மாதம் படி வரவில்லை. பெரியம்மாவுக்கும் இவர் அம்மாவுக்கும் ஏதோ வாய்த்தகராறு. அந்த மாதம் இவர் அம்மா காசுமாலையை அடகு வைத்துச் சமைத்தார். அப்புறம் நவராத்திரி கொலு மண்டபம். ஜமீன்தார் ஆசனத்தில் இருக்க, கூடப் பிறந்த தம்பி துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். வெற்றிலை பாக்கு கொடுக்கும்போதும் திவானுக்கும் மற்றவர்களுக்கும் அடுத்துத்தான் அவர் முறை. தூணுக்குப் பின்னால் நின்று எட்டு வயதுப் பெண்ணாக அதைப் பார்த்தவர், என்னிடம் சொல்லும்போது பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

விஷயம் பெரிய வீட்டுக்குத் தெரிந்தது. மூத்தவருடைய பேரன் கிளம்பி வந்தார். கத்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். “அத்தை, சின்னத் தாத்தாவை யாரும் நிக்க வச்சதே இல்ல” என்று ஒரு பழைய போட்டோவை எடுத்து வைத்தார். ஸ்டூடியோக்காரரை வரவழைத்து எடுத்த படம். ஜமீன்தாருக்குப் பக்கத்தில், கொஞ்சம் சின்ன நாற்காலியில், தம்பியும் உட்கார்ந்திருக்கிறார். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், “அது போட்டோவுக்குப் போட்ட நாற்காலி, தாயி” என்றார்.

2021-இல் ஹாரியும் மனைவி மேகனும் கொடுத்த டிவி பேட்டிக்குப் பிறகு, நினைவுகள் ஆளுக்கு ஆள் மாறலாம் என்று எலிசபெத் ராணியின் பெயரில் வந்த அறிக்கை எனக்கு அந்தப் போட்டோவை வைத்துத்தான் புரிந்தது. போட்டோ பொய் இல்லை, அந்த அம்மா பார்த்ததும் பொய் இல்லை. அம்மா சொன்னதை ஒரு பக்கத்திலும் போட்டோவை எதிர்ப்பக்கத்திலும் போடலாம் என்றேன். இரண்டு பேரும் சம்மதித்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. படி நின்ற மாதம் எது என்று பார்க்க ஜமீன் கணக்கு நோட்டுகளைத் தேடினேன். ஒன்றும் மிஞ்சவில்லை. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, குடும்பம் நொடித்து, அரண்மனையைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றபோது கதவையும் தூணையும் விலை பேசி வாங்கிப் போக ஆள் வந்தது. கணக்கு நோட்டுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். எந்தக் குடியானவன் எவ்வளவு குத்தகை கட்டினான், எந்தக் கோயிலுக்கு என்ன மானியம், எல்லாம் அதில் இருந்திருக்கும். தேக்குக் கதவு இன்று ஏதோ ஓட்டல் வாசலில் மினுமினுக்கிறது. ஒரு ஊரின் கதை பொட்டலம் மடிக்கப் போயிற்று. இதைப் பற்றி யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கிழவி வாயைத் திறந்தால் மட்டும் குடும்ப மானம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

சரி. எல்லாவற்றையும் எழுதலாமா என்றால், அங்கே எனக்குக் கண்டிப்பான அபிப்பிராயம் உண்டு. பெரிய வீட்டில் ஒரு பிள்ளையின் பிறப்பைப் பற்றி ஊரில் பேச்சு இருந்தது. அதையும் சேர்க்க வேண்டும் என்றார் அம்மா. முடியாது என்றேன். “அப்போ முழுசா எழுதறதுன்னா என்ன?” என்று கோபித்துக்கொண்டு கொஞ்ச நாள் பேசவே இல்லை. நான் மாறவில்லை. படி நின்றதும் அப்பா நின்றதும் அவருக்கு நடந்தவை. அந்தப் பிள்ளையின் பிறப்பு அவருக்கு நடந்தது இல்லை. ‘ஸ்பேர்’ புத்தகத்தில் எனக்குப் பிடிக்காத இடமும் இதே காரணத்தால்தான். டயானா இறந்துபோன செய்தியை பால்மோரல் மாளிகையில் ஹாரியிடம் அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்ன இடத்தைப் படித்து நான் அழுதேன். அண்ணி குழந்தை பெற்ற சமயத்தில் நடந்த பேச்சுவார்த்தைகளை எழுதியிருக்க வேண்டாம். முதலில் 800 பக்கம் இருந்ததாகவும், வெளியிட்டால் அப்பாவும் அண்ணனும் மன்னிக்கவே மாட்டார்கள் என்று சிலதை விட்டுவிட்டதாகவும் ஹாரியே பேட்டியில் சொன்னார். இன்னும் சில பக்கங்களை விட்டிருக்கலாம்.

மோரிங்கர் பின்னால் எழுதிய கட்டுரையில் ஒரு சண்டையைப் பற்றிச் சொல்கிறார். ராணுவப் பயிற்சியில், பிடித்து வைத்து விசாரிப்பது போல நடித்தவர்கள் டயானாவைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறார்கள். தான் கொடுத்த பதிலடியையும் சேர்க்க வேண்டும் என்று ஹாரி, கூடாது என்று இவர், நடுராத்திரி தாண்டி வாக்குவாதம். கடைசியில் ஹாரி விட்டுக்கொடுத்தார். எங்களுக்கும் அப்படி ஓர் இடம் வந்தது. பெரியம்மா இறந்த வீட்டில் யாரோ இந்த அம்மாவுக்கு நாற்காலி போட்டிருக்கிறார்கள். “இந்த வீட்ல நாங்க நின்னுதானே பழக்கம்” என்று சொல்லிவிட்டு வந்தாராம். மோரிங்கராக இருந்தால் வெட்டியிருப்பார். நான் வெட்டவில்லை. அதைச் சொல்வதற்காக அந்த அம்மா பாதி ஆயுசு காத்திருந்திருக்கிறார்.

“பணத்துக்காக எழுதினார்”, “அரண்மனைக்காரர்கள் பதில் பேச முடியாதே” என்று கீழே கருத்து எழுத வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் ஹாரிக்கு வக்காலத்து வாங்கவில்லை. பணம் வாங்கினார், கோடிக்கணக்கில். ஆனால் அவர் கதையை விற்றுப் பத்திரிகைகள் அதற்கு முன்பே வருடக்கணக்காகப் பணம் பண்ணின. அவர் தொலைபேசியை ஒட்டுக்கேட்டது உண்மைதான் என்று 2023 டிசம்பரில் லண்டன் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, ஒரு பத்திரிகைக் குழுமத்தை 1,40,600 பவுண்டு கொடுக்கச் சொன்னது. அரண்மனைக்குச் செய்தித் தொடர்புக்கென்று தனி அலுவலகமே இருக்கிறது. பதில் சொல்ல வேண்டாம் என்பது அவர்கள் எடுத்த முடிவு.

உங்கள் வீட்டில் எழுதுகிறவரைத் தடுக்கப் பார்க்காதீர்கள். உங்கள் பெயர் வரும் இடத்தை அச்சுக்குப் போகும் முன் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நியாயமானவராக இருந்தால் காட்டுவார். மறுப்பு இருந்தால் எழுத்தில் கொடுங்கள், அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெரிய வீட்டுப் பேரன் இப்போது தன் அம்மாவின் நினைவுகளையும் எழுதித் தர முடியுமா என்று என்னைக் கேட்டிருக்கிறார். ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்த மாதம் படி ஏன் நின்றது என்று மாமியார் சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கலாம், அதையும் கேட்டு எழுதுவேன்.