கொக்கி மாறிய சங்கிலி

அன்புள்ள ஐயா,

பிலிப்பைன்ஸின் மராவி நகரம் பற்றி ஓர் ஆவணப்படம் பார்த்தேன். சில நூறு கிளர்ச்சியாளர்களிடமிருந்து ஓர் ஊரை மீட்க ராணுவத்துக்கு 5 மாதம் ஆகியிருக்கிறது. விமானங்களை வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் முடிக்காதது கையாலாகாத்தனம் இல்லையா? கிளர்ச்சியாளர்களுக்கு ஐஎஸ் பயங்கரவாத அமைப்பின் பணம் வந்தது உண்மையா? என் தம்பி ராணுவத்தில் இருக்கிறான். கேட்டால் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறான்.

— ஒரு வாசகர், திருப்பத்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

தம்பியின் சிரிப்பிலேயே பாதி பதில் இருக்கிறது. ஒரு வாரத்தில் முடிக்க அது என்ன வெள்ளையடிக்கிற வேலையா? மராவியில் வாழும் மரானாவோ மக்களிடையே ‘ரிடோ’ என்ற குலப்பகை தலைமுறை தாண்டியும் ஓடும். அதற்குப் பயந்தே தடித்த சுவரும் நிலவறையுமாக வீடு கட்டியவர்கள் உண்டு. நீங்கள் சொல்லும் கிளர்ச்சியாளர்கள், மவுத்தே குழுவினர், பதுங்கியது அந்த வீடுகளில். ராக்கெட் குண்டுக்குத் தடுப்பாகக் கவச வண்டிகளில் மரப்பலகை அடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள் சிப்பாய்கள். விமானம் என்கிறீர்கள். 2017 மே 31 அன்று குறி தவறிய குண்டு சொந்தப் படையினர் பத்துப் பேரைக் கொன்றது. வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து கையாலாகாத்தனம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

ஐஎஸ் பணக் கதையை விடுங்கள், அது உளவுத்துறைக்காரர்கள் பாடு.

என்னை உறுத்தியது ‘மீட்க’ என்ற உங்கள் சொல். சில நாட்களாகவே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தது அடகுக்கடை. என் பள்ளிக் கட்டணத்துக்காக அம்மா வைத்த சங்கிலியை இரண்டு வருடம் கழித்து மீட்கப் போனோம். அம்மா அதைக் கண்ணி கண்ணியாக விரலில் உருட்டிப் பார்த்தார். “கொக்கி மாறியிருக்கு” என்றார். கடைக்காரர் சிரித்தார், “எடை சரியாத்தானேம்மா இருக்கு.” அம்மா அரைமணி நேரம் அங்கேயே நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

மீட்டால் பொருள் உடையவர் கைக்கு வரவேண்டும், அதுவும் அதே பொருளாக. 2017 அக்டோபர் 17 அன்று மராவி விடுவிக்கப்பட்டதாக அதிபர் டுடெர்டே அறிவித்தார். சண்டை ஓய்ந்தது 23ஆம் தேதி. வீட்டை விட்டு ஓடியவர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேல். நகரின் நடுவே 24 பகுதிகள் கிட்டத்தட்ட தரைமட்டம், வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். 2018 ஏப்ரலில்தான் ஒவ்வொரு பகுதிக்காரரையும் சில நாள் மட்டும் உள்ளே விட்டார்கள், போய்ப் பார்த்து எடுப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று. இடிபாட்டில் எது தன் வாசல் என்று தேட வேண்டிய நிலை. இரு தரப்புமே சூறையாடியதாக மனித உரிமை அமைப்பான அம்னஸ்டியின் அறிக்கை சொன்னது. இழப்பீட்டுச் சட்டம் கையெழுத்தானது 2022 ஏப்ரலில். இதை மீட்பு என்றால் அடகுக்கடைக்காரர் சொன்னதும் சரிதான், எடை சரியாகத்தான் இருக்கிறது. செய்தித்தாள்கள் ‘கைப்பற்றியது’ என்று எழுதிவிட்டுப் போகட்டுமே, யார் தடுத்தது?

கோபத்தில் கொஞ்சம் அதிகம் எழுதிவிட்டேன், சரி. தம்பி லீவில் வந்தால் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். நான் எதையும் கேட்கமாட்டேன்.