எங்கள் தெருவில் மனநோயிலிருந்து தேறிய ஐந்து பெண்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் வீடு எடுத்திருக்கிறது. எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

போடாதீர்கள். அதற்காக, வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றும் சொல்லமாட்டேன். அந்த நிறுவனத்திடம் நீங்கள் கேட்டே ஆகவேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிறகு சொல்கிறேன்.

இந்த மாதிரி வீடுகளுக்கு வாடகைக்கு இடம் பார்க்கும் வேலையைச் செங்கல்பட்டுப் பக்கம் சில வருடங்கள் செய்திருக்கிறேன். வீட்டு ஓனர்கள் "என்ன வியாதி?" என்று எடுத்த எடுப்பில் கேட்டது குறைவு. முதலில் வருவது "ஃபேமிலியா?" என்பதுதான். அடுத்து, "ஆம்பளத் துணை இல்லாம அஞ்சு பொம்பளைங்களா?" கொஞ்சம் பழகிய பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எந்த ஆளுங்க?" அதற்கும் பிறகு, கவிச்சி சமைப்பார்களா என்ற விசாரணை. மனநோய் என்று தெரிந்ததும், இத்தனை நாள் வெளிப்படையாகச் சொல்லக் கூச்சப்பட்ட காரணங்கள் எல்லாம் 'பாதுகாப்பு' என்ற ஒரே பேரில் வந்துவிடும். பேச்சிலர் பையன்களும் முஸ்லிம் குடும்பங்களும் தலித் குடும்பங்களும் வாடகை வீடு தேடும்போது கேட்கிற அதே பதில்தான். உங்கள் தெரு மனுவையும் ஒருமுறை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள்.

அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எப்படிப்பட்டவர்கள்? மருந்தில் நிலைப்பட்டு, ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய அவசியம் தீர்ந்து, ஆனால் அழைத்துப் போக யாரும் வராததால் வருடக்கணக்கில் வார்டிலேயே தங்கிப்போனவர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இவர்களுக்காகவே எழுதியதுபோல இருக்கும்: குடும்பம் இல்லை, வீடு இல்லை, அல்லது குடும்பம் ஏற்கவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது, சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது அவருடைய உரிமை. சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய 'தி பானியன்' என்ற தொண்டு நிறுவனம், 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்ற பேரில் இதைச் செய்துவருகிறது. சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீடு, நாலைந்து பேர், துணைக்கு ஒரு பணியாளர். அவர்களே சமைத்து, அவர்களே கடைக்குப் போய், முடிந்தவர்கள் வேலைக்கும் போகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநல வழிகாட்டியில், பின்பற்றத்தக்க சேவைகளுள் ஒன்றாக இதையும் சேர்த்திருக்கிறது.

'அவர்களுக்கென்று ஊருக்கு வெளியே ஓரிடம்' என்று மனுவில் ஒரு வரி கட்டாயம் இருக்கும். ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகளுக்கென்றே இருந்த ஒரு தனியார் காப்பகத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலி போட்டதைக் கேட்கவும் ஆள் இருக்கவில்லை.

வன்முறை பற்றிய பயத்தை நான் கேலி செய்யமாட்டேன், குழந்தை இருக்கிற வீட்டில் அந்தப் பயம் வரும். ஆனால் தீவிர மனநோய் உள்ளவர்கள் அடிப்பதைவிட அடி வாங்குவதே அதிகம் என்பதுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. அதுவும் இப்படிப்பட்ட வீட்டில் துணைக்கு ஒரு பணியாளர் இருப்பார், மாத்திரை தவறாமல் பார்த்துக்கொள்வார். வீட்டு விலை குறையும் என்கிறார்களா? மழைக்குத் தேங்கும் தண்ணீர் குறைக்காத விலையை ஐந்து பெண்கள் குறைத்துவிடப் போவதில்லை.

என்னுடன் வேலை செய்தவர்கள் பலர் ஒப்புக்கொள்ளாத ஒன்று. குடிவருவதற்கு முன்னால் தெருவைக் கூட்டி 'விழிப்புணர்வுக் கூட்டம்' போடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நீங்கள் குடிவந்தபோது உங்களுக்காக யாராவது கூட்டம் போட்டார்களா? கூட்டம் போட்டால் சம்மதம் கேட்கிறோம் என்று ஆகிவிடும், மைக் சத்தமாகப் பேசுகிறவர் கைக்குப் போய்விடும். ஓனரிடம் மட்டும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். இரண்டு பக்கத்து வீட்டுக்கும் நேரில் போய் அறிமுகம் செய்துகொண்டு, போன் நம்பர் கொடுத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான்.

மற்றதைக் கொடுக்கல் வாங்கல் பார்த்துக்கொள்ளும். நான் பார்த்த தெருக்களில் முதலில் இளகியது மளிகைக்கடை அண்ணாச்சிகள்தான். நோட்டுக் கணக்கை மாதம் தவறாமல் தீர்க்கிற வீடு அவர்களுக்கு நல்ல வீடு. ஒரு தெருவில் பெரிய சண்டையே வந்தது, என்னவோ ஏதோ என்று ஓடிப்போனால் தண்ணீர் மோட்டாரை யார் எத்தனை மணிக்குப் போடுவது என்பதுதான் வழக்கு. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அந்த வீட்டு அக்காவும் மாடி வீட்டம்மாவும் சரிக்குச் சரி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள், வியாதியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெல்ஜியத்தில் கீல் என்ற ஊரில் மனநோயாளிகளைக் குடும்பங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது பல நூற்றாண்டுப் பழக்கம். அங்கேயும் இரக்கம் மட்டும் இல்லை: வயல்வேலைக்குக் கை கிடைத்தது, வைத்துக்கொள்வதற்குப் பணமும் கிடைத்தது.

ஆண்கள் தங்கும் வீட்டுக்கு இதெல்லாம் இத்தனை எளிதாக நடப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓனர் கிடைப்பதே பாடு.

இனி, நீங்கள் கேட்க வேண்டியவை. ராத்திரி தங்கும் பணியாளர் யார், அவர் லீவு போட்டால் மாற்று உண்டா? ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் எந்த மருத்துவரிடம் போவார்கள், நாம் யாரைக் கூப்பிட வேண்டும்? இந்த ஐந்து அடுத்த வருடம் பதினைந்து ஆகுமா? அந்தப் பெண்கள் தாங்களாகவே வெளியே போய்வர முடியுமா, அல்லது வெளியிலிருந்து பூட்டு விழுமா? முதல் மூன்றுக்கும் சரியான பதில் வராவிட்டால் வற்புறுத்திக் கேளுங்கள். கடைசிக்கு 'பூட்டுவோம்' என்று பதில் வந்தாலோ, ஒரே அறையில் ஆட்களை அடைத்திருப்பது தெரிந்தாலோ, அப்போது மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். அது மாநில மனநல ஆணையத்துக்குப் போக வேண்டிய மனு. உள்ளே இருக்கிற பெண்களுக்காக எழுதுவது.

குடியிருப்போர் சங்கத்தில் தனியாக எதிர்த்துப் பேசத் தயக்கமாக இருந்தால், அந்த நிறுவனத்தின் பொறுப்பாளரை உங்கள் வீட்டுக்கே ஒரு மாலை வரச்சொல்லுங்கள், பக்கத்து வீட்டாரையும் கூப்பிடுங்கள். நாலு பேர் போதும். மனநலம் பற்றிப் பொதுவாக எது கேட்பதானாலும் 14416க்குக் கூப்பிடுங்கள்; அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள்.