ஹங்கேரிய பாஸ்போர்ட்டும் எல்லைக்கு அப்பாலுள்ள ஹங்கேரியர்களும்: கேள்வி-பதில்

கே: அண்டை நாடுகளில் இத்தனை ஹங்கேரியர்கள் எப்படி?

ப: குடிபெயர்ந்தவர்கள் அல்ல; எல்லைதான் நகர்ந்தது. முதல் உலகப் போருக்குப் பின், 1920 ஜூன் 4-ல் கையெழுத்தான திரியானோன் ஒப்பந்தத்தில் ஹங்கேரி மூன்றில் இரண்டு பங்கு நிலத்தை இழந்தது. இன்றும் ருமேனியாவில் மட்டும் சுமார் 10 லட்சம் பேர் இருக்கிறார்கள்.

கே: குடியுரிமை வாங்க ஹங்கேரியில் போய் வசிக்க வேண்டுமா?

ப: வேண்டாம். 2011 ஜனவரி 1 முதல் முன்னோர் ஒருவர் ஹங்கேரியக் குடிமகனாக இருந்ததைக் காட்டினால் போதும். கூடவே மொழி தெரிய வேண்டும், குற்ற வழக்கு இருக்கக் கூடாது. தாத்தா, அப்பா, மனுதாரர் என்று பிறப்பு, திருமணச் சான்றுகள் சங்கிலி அறாமல் வர வேண்டும். மொழிக்கு எழுத்துத் தேர்வு கிடையாது; மனுவைக் கொடுக்கும்போது கவுன்ட்டரில் அதிகாரியோடு பேசுவதுதான் சோதனை. இந்தத் தளர்வுக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அடையாளச் சரிபார்ப்பு போதாது என்று சொல்லி, 2023 ஆகஸ்டில் அமெரிக்கா எல்லா ஹங்கேரியர்களுக்கும் விசா இல்லாப் பயண அனுமதியை ஒரே ஒரு பயணத்துக்கு என்று சுருக்கியது. தலைநகர் புடாபெஸ்டிலேயே பிறந்து வளர்ந்தவரும் மாட்டிக்கொண்டார்!

கே: ருமேனியாவில் வராத சிக்கல் ஸ்லோவாக்கியாவில் ஏன்?

ப: ருமேனியா இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, மால்டோவாக்காரர்களுக்குத் தானே அப்படித்தான் பாஸ்போர்ட் தருகிறது, எப்படி எதிர்க்கும்? ஸ்லோவாக்கியாவோ, புடாபெஸ்டில் இந்தக் குடியுரிமைச் சட்டம் நிறைவேறிய 2010 மே 26 அன்றே பதில் சட்டம் போட்டது: விரும்பி வேறு குடியுரிமை வாங்கினால் ஸ்லோவாக்கியக் குடியுரிமை போகும். 2022-ல் சற்றுத் தளர்த்தினார்கள். ஆனால் அந்த வேறு நாட்டில் ஐந்தாண்டு வசித்திருக்க வேண்டும். சொந்த ஊரிலேயே இருப்பவருக்கு அதனால் பயனில்லை.

உக்ரைனில் இதைவிடக் கசப்பு. 2018-ல் அங்குள்ள பெரெஹோவே நகரின் ஹங்கேரியத் துணைத் தூதரகத்தில், குடியுரிமை உறுதிமொழி எடுப்பவர்களிடம் 'உக்ரைன் அதிகாரிகளிடம் சொல்லாதீர்கள்' என்று சொல்வது வீடியோவில் வெளியானது. உக்ரைன் அந்த ஹங்கேரியத் தூதரக அதிகாரியை வெளியேற்றியது. ஹங்கேரியும் பதிலுக்கு உக்ரைன் தூதரக அதிகாரி ஒருவரை வெளியேற்றியது. மறைத்துக் கொடுக்கும் பாஸ்போர்ட், வாங்கியவரைத்தான் சந்தேகத்தில் நிறுத்துகிறது.

கே: ஓட்டு உண்டா?

ப: உண்டு, பாதி. ஹங்கேரியில் முகவரி இல்லாதவர் கட்சிப் பட்டியலுக்கு (தொகுதி வேட்பாளருக்கு அல்ல, கட்சிக்குப் போடும் ஓட்டு) மட்டும், தபாலில். வாக்குச்சீட்டு உள் உறைக்குள். கையெழுத்திட்ட அடையாளப் படிவம் அதற்கு வெளியே, வெளி உறைக்குள். படிவம் விடுபட்டால் ஓட்டு செல்லாது. லண்டனில் வேலை பார்க்கும், ஹங்கேரி முகவரி உள்ளவருக்குத் தொகுதிக்கும் பட்டியலுக்குமாக இரண்டு ஓட்டு; ஆனால் தபால் வசதி இல்லை, தூதரகத்துக்கே போக வேண்டும். 2014 தபால் ஓட்டுகளில் சுமார் 95 சதவீதம் அப்போது ஆளும் கட்சியாக இருந்த ஃபிதெஸுக்கு விழுந்தது. இந்த ஏற்பாட்டை அக்கட்சி மாற்றாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.